திரையில தெரியுற தசமத்தை அப்படியே சேவ் பண்ணிடாதீங்க

கோட் ரிவ்யூல நான் திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் ஒன்னுதான், ஸ்கிரீன்ல தெரியுற நம்பர் வேற, உள்ள இருக்குற நம்பர் வேற.

ஒரு லேப் சாஃப்ட்வேர்ல கரைசலோட செறிவு டேட்டாபேஸ்ல 0.0375னு இருந்துச்சு. பார்க்க நல்லா இருக்கணும்னு டெக்ஸ்ட் பாக்ஸ்ல ரெண்டு இலக்கத்துக்கு ஃபார்மேட் பண்ணி 0.04னு காட்டிருந்தோம். ஒருத்தர் அந்த ரெக்கார்டைத் திறந்து, கீழ குறிப்புல இருந்த எழுத்துப்பிழையை மட்டும் திருத்திட்டு சேவ் குடுத்தாரு, பாக்ஸ்ல நின்ன 0.04 அப்படியே உள்ள போய் உக்காந்துருச்சு. எர்ரர் எதுவும் வரல. அளவு கிட்டத்தட்ட 6.7 சதவீதம் ஏறிப்போச்சு, யார் மாத்துனாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல, ஏன்னா நிஜமாவே யாரும் அதைத் தொடல.

ஃபார்மேட் பண்ணா கிடைக்கிறது எழுத்து, எண் இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல டூஃபிக்ஸ்ட் (toFixed, எண்ணை இத்தனை தசம இலக்கம்னு எழுத்தா மாத்திக் குடுக்குற ஃபங்ஷன்) போட்ட 12.50ஐயும் 3.25ஐயும் ப்ளஸ் போட்டு சேர்த்தா 15.75 வராது, 12.503.25னு ஒட்டிக்கிட்டு வரும். இதாவது கண்ணுல பட்டுடும். ஆனா கமா போட்டுக் காட்டுன 1,234ஐ, எழுத்தை எண்ணா மாத்துற பார்ஸ்ஃப்ளோட்கிட்ட (parseFloat) குடுத்தீங்கன்னா கமாவோட நின்னுட்டு சத்தமே இல்லாம வெறும் 1ஐ திருப்பிக் குடுக்கும், இதே 1,234 ஜெர்மன் செட்டிங்ல ஒன்னே கால் கூட இல்லாத சின்ன எண், அங்க கமாதான் தசமப் புள்ளி.

ரவுண்டிங்கும் நாம நினைக்கிற மாதிரி வராது. 1.005ஐ ரெண்டு இலக்கத்துக்கு டூஃபிக்ஸ்ட் பண்ணா 1.01 வராது, 1.00தான் வரும். பைனரில 1.005ஐ சரியா எழுதவே முடியாது, மெமரில இருக்குறது 1.00499999னு போற ஒரு எண், அது கீழதான் இறங்கும். பைத்தான் 3ல 2.5ஐ ரவுண்ட் பண்ணா 2, 3.5ஐ பண்ணா 4, சரிபாதின்னா பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போறது அதோட வழக்கம். அதனால காசுக்கணக்குல இப்படி பைனரில தோராயமா வைக்கிற ஃப்ளோட் வேண்டாம், தசமத்தை அப்படியே வைக்கிற டெசிமல் டைப் வச்சுக்கோங்க, எந்த ரவுண்டிங்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.

அந்த லேப் ஸ்கிரீனை அப்புறம் இப்படி மாத்துனோம்: பார்க்க மட்டும் இருக்குற பட்டியல்ல ரெண்டு இலக்கம், திருத்துற பாக்ஸ்ல முழு மதிப்பு, பயனர் கை வைக்காத ஃபீல்டு சர்வருக்கே போகாது. டெஸ்ட்ல 0.0375ஐ போட்டு, திறந்து, ஒன்னும் செய்யாம சேவ் குடுத்து, டேட்டாபேஸ்ல போய் பார்க்குறோம்.