தட்டில் பூத்தது வேரா, பூஞ்சணமா?

போன கார்த்திகையில் இரண்டு கிலோ நெல்லைக் கோழிகளுக்கென்று முளைக்கப் போட்டேன். ஐந்தாம் நாள் அத்தனையையும் அள்ளிக் குழிக்குள் கொட்ட வேண்டியதாயிற்று. திருகோணமலை உப்புவெளியில் அந்தக் கிழமை முழுக்க வாடைமழை. தட்டைக் கிளப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறப் படலம், நனைந்த பழஞ்சாக்கின் மணம். "கோழி குப்பையையே கிளறித் தின்னுது, இதுக்கு என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள்.

குப்பை வேறு, இது வேறு. ஈரத் தானியத்தில் வளரும் பூஞ்சணங்களில் அஸ்பெர்ஜிலஸ் இனம் முக்கியமானது. அது பரவும் விதை போன்ற வித்திகள் தூசியைவிட நுண்மையானவை. பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. உள்ளே போன வித்தி அங்கேயே முளைத்துவிடும். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூச்சிழுத்துச் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே இனத்தைச் சேர்ந்த அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ், அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சைச் சுரந்து ஈரலைக் கெடுக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவற்றுக்குப் போட்ட நிலக்கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அவித்தாலும் அது போகாது.

பூஞ்சணம் தட்டுக்கு எப்படி வருகிறது? வருவதில்லை, தானியத்தோடு முதலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மணியின் தோலிலும் வித்திகள் ஒட்டிக்கொண்டுதான் களஞ்சியத்தில் கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் மணியும் வித்தியும் ஒன்றாக விழிக்கின்றன. மணிக்குள் இருக்கும் முளையம் கிபரலின் என்ற ஓமோனை அனுப்ப, தோலுக்கு அடியிலுள்ள படை அமைலேசு நொதியத்தைச் சுரக்கிறது. அது மாப்பொருளை வெல்லமாக உடைக்கிறது. அந்த வெல்லம் குருத்துக்கும் வேருக்கும் உரியது. ஆனால் கொஞ்சம் வெளியே கசியும்; பூஞ்சணம் காத்திருப்பது அதற்குத்தான்.

உயிருள்ள மணி தன் வெல்லத்தைத் தானே எரித்துக்கொண்டு ஓரளவு எதிர்த்தும் நிற்கும். செத்த மணியும் உடைந்த மணியும் அப்படியல்ல. அவை பூஞ்சணத்துக்கு விரித்து வைத்த பந்தி. என் நெல்லில் நடந்தது இதுதான். ஆலையில் வாங்கிய மலிவு நெல்லில் குறுணியும் சப்பியும் கலந்திருந்தன. தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளினால் சப்பி போகும், உடைந்தது அடியிலேயே கிடக்கும். அதற்குச் சுளகுதான். விதைக்கென்று மருந்து பூசி, நிறமேற்றி விற்கும் தானியத்தைத் தொடவே வேண்டாம். தம்பலகாமத்தில் அறுத்த கையோடு வாங்கிய புதுநெல்லும் சில கிழமைகளுக்கு உறக்கநிலையில் இருப்பதால் அரைகுறையாகத்தான் முளைக்கும். முளைக்காத பாதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தோலில் ஒட்டிய வித்திகளைக் குறைக்க, 5 வீத வெளிற்றும் திரவத்தில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, தானியத்தை அரை மணி நேரம் வைத்துவிட்டு நாலைந்து தண்ணீரில் அலசுகிறேன். பிறகு சோளனை (மக்காச்சோளம்) 12 மணி நேரமும் நெல்லை ஒரு நாளும் ஊற வைப்பேன். கரையோரத்தில் கிணறு உவர்த்திருந்தால் முளை பிந்தும். உப்புத் தண்ணீரிலிருந்து மணியால் எளிதில் நீரை இழுக்க முடியாது. பிந்துகிற ஒவ்வொரு மணித்தியாலமும் பூஞ்சணத்துக்கு இலாபம்.

அடுத்தது சூடு. முளைக்கும் தானியம் வேகமாகச் சுவாசிக்கும், அந்தச் சுவாசம் வெப்பத்தை வெளிவிடும். தடிப்பாகக் குவித்த நெல்லுக்குள் கையை விட்டால் கன்னியா வெந்நீர்க் கிணற்றின் நினைப்பு வரும். ஆகவே பேசினில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் பரப்புவதில்லை. அடியில் சுட்ட ஆணியால் நிறையத் துளைகள், ஒரு பக்கம் சற்றுச் சரிவு. நாளுக்கு மூன்று தரம் அலசுவது ஈரத்துக்காக மட்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கசிந்த வெல்லத்தையும் தேங்கிய சூட்டையும் கழுவிக்கொண்டு போவதுதான் அதன் பெரிய வேலை. அலசிய தண்ணீர் வடியாமல் நின்றால் காற்றில்லாமல் மணி புளித்துச் சாகும்.

பிறகொரு தரம் சோளன் போட்டபோது இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. சோளன் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலக் கண்டதும் இதுவும் போச்சு என்று பேசினைத் தூக்கினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணிய ஊத்திப் பாரும்" என்றா. ஊற்றினேன். பஞ்சு வேரோடு ஒட்டிக் காணாமல் போனது. அது வேர்மயிர். வேரைச் சுற்றி ஒரே சீராக நிற்கும், மணமிராது. பூஞ்சணம் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குச் சிலந்தி வலை போலத் தாவும், திட்டுத் திட்டாக இருக்கும், மணியின் தோலிலும் ஏறும், கழுவினாலும் மணம் நிற்கும். அப்படிக் கண்டால் அந்தத் திட்டை மட்டும் கிள்ளி எறிவதில் பயனில்லை, பேசினோடு கொட்ட வேண்டும்.

ஒரு கிலோ தானியம் ஏழு நாளில் ஐந்து கிலோ பசும்புல்லாகும் என்பார்கள். ஆகும்தான். காய்ந்த நெல்லில் உலர்பொருள் 880 கிராம் அளவில் இருக்கும். ஐந்து கிலோ புல்லில் 85 வீதம் தண்ணீர், மிஞ்சுவது 750 கிராம். குறைந்த 130 கிராமைச் செடி சுவாசித்துத் தீர்த்துவிட்டது. புரத வீதம் கூடியதாகத் தெரிவதும் மாப்பொருள் எரிந்து போனதால்தான். கிடைக்கும் நன்மை வேறு: தானியத்தில் பொசுபரசைப் பூட்டி வைத்திருக்கும் பைற்றேற்றை நொதியங்கள் உடைப்பதால் பொசுபரசு கோழிக்குச் சேரும், குருத்து பச்சை பிடித்தால் லூட்டீன் என்ற மஞ்சள் நிறப்பொருள் வரும், மஞ்சட்கரு நிறம் ஏறும். இதற்கு மூன்று நாலு நாள் போதும். ஏழு நாள் வளர்த்தால் வேர் பாயாகப் பின்னிவிடும். பல்லில்லாத கோழி அதை நீளநீளமாக விழுங்கி இரைப்பையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். திருகோணமலை வெக்கையில் மிச்ச மூன்று நாளும் பூஞ்சணத்துக்குத்தான் விருந்து.

இந்தியக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் சோளம் என்பது நம்முடைய இறுங்கு. நாம் சோளன் என்பது அவர்களுக்கு மக்காச்சோளம். இறுங்கின் இளம் முளையில் சயனைட்டை விடுவிக்கும் பொருள் உண்டு. முளைக்கப் போட்டுக் கோழிக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது என்னிடம் மூன்று சிறிய பேசின்கள். ஒவ்வொரு நாளும் ஒன்றில் புதிதாகப் போட்டு, ஒன்றை எடுத்து, வழக்கமான தீனிக்கு மேலாகக் கோழிக்கு ஒரு சிறு பிடி கொடுக்கிறேன். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரச்சாக்கால் மூடி, காலியான பேசினை வெயிலில் காய வைப்பேன். வாடைக்கு வெயில் ஏது? கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கழுவுகிறேன்.