சாவி வாங்கும் முன்பே உள்ளே போய்விடுங்கள்

புதுக் கட்டடத்துக்கு டிஓபி அனுமதி கிடைத்த அன்று சைட்டில் ஒரே கொண்டாட்டமாக இருக்கும். பிரியாணிப் பொட்டலம் வரும், ஹெல்மெட்டோடு குரூப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் காலை அந்தக் கட்டடத்தை ஓட்டவேண்டிய பராமரிப்புக் குழுவில் நீங்கள் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

டிஓபி என்பது சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையம் தரும் தற்காலிகக் குடியேற்ற அனுமதி. ஆட்கள் உள்ளே போய்ப் புழங்கலாம், அவ்வளவுதான். சில சில்லறை வேலைகள் பாக்கி இருந்தாலும் அது கிடைத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வருவது சிஎஸ்சி, அதாவது சட்டபூர்வ நிறைவுச் சான்றிதழ். இரவு இரண்டு மணிக்கு எட்டாவது மாடியில் குழாய் வெடித்தால் எந்த வால்வை மூடவேண்டும் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா என்பதை இந்த இரண்டு அனுமதியும் பார்ப்பதில்லை. தெரிந்த ஆள், அதாவது அந்த வால்வைப் பொருத்திய சப்கான்ட்ராக்டரின் ஃபோர்மேன், அதற்குள் தெங்காவிலோ துவாஸிலோ அடுத்த சைட்டில் இருப்பார்.

அதனால்தான் பராமரிப்புக் குழுவில் இரண்டு மூன்று பேரையாவது டிஓபிக்குச் சில மாதங்கள் முன்பே சைட்டுக்குள் விடுங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் மன்றாடுகிறேன். “கட்டடமே திறக்கவில்லை, இவர்களுக்கு எதற்குச் சம்பளம்?” என்று கேட்பார்கள். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் குழாய் போகும் பாதையைப் போனில் படம் எடுத்து வைத்த டெக்னீஷியன், பின்னாளில் ஒரே ஒரு கசிவில் அந்தச் சம்பளத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

போனால் எதைப் பார்ப்பது? முதலில் தீயணைப்பு அலாரத்தின் கூட்டுச் சோதனை. தனித்தனியாகச் சோதித்தால் எல்லாமே பாஸ் ஆகும். ஃபேன் ஓடும், லிஃப்ட் இறங்கும், மணி அடிக்கும். ஒன்று அடித்ததும் மற்றது கேட்கிறதா என்பதில்தான் பிரச்சினை. ஏதாவது ஒரு மாடியில் டிடெக்டருக்குப் புகை காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட்டுகள் குறித்த தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கவேண்டும், மாடிகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் ஏஎச்யு நிற்கவேண்டும், படிக்கட்டுக்குக் காற்றழுத்தம் தரும் ஃபேன் ஓடவேண்டும், காந்தம் பிடித்திருக்கும் கதவுகள் விடுபடவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வாக்கிடாக்கியோடு ஓர் ஆள் நின்று கண்ணால் பார்க்கவேண்டும். அப்புறம் மெயின் சப்ளையை நிஜமாகவே நிறுத்தி, ஜெனரேட்டரில் ஓடும்போது இதையே இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவதைச் செய்யத்தான் எல்லாரும் தயங்குவார்கள். குடிமைத் தற்காப்புப் படைக்காக ஆர்ஐ, அதாவது பதிவுபெற்ற ஆய்வாளர், வந்து பார்ப்பது விதிப்படி இருக்கிறதா என்பதற்கு. நீங்கள் பார்ப்பது நாளைக்கு நீங்களே ஓட்டுவதற்கு. அவர் பார்த்துவிட்டார் என்பதால் உங்கள் வேலை குறையாது.

கட்டடத்தின் இயந்திரங்களைக் கணினியில் கண்காணிக்கும் பிஎம்எஸ் திரையையும் அப்படியே நம்பவேண்டாம். வால்வு நூறு சதவீதம் திறந்திருக்கிறது என்று திரை சொல்லும். மேலே ஏறிப் பார்த்தால் வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டர் சுற்றுகிறது, வால்வின் தண்டு அசையவில்லை. பன்னிரண்டாம் மாடி வெப்பநிலை என்று காட்டுவது பதினொன்றாம் மாடியுடையதாக இருக்கும். சென்சாரை உள்ளங்கையால் கொஞ்ச நேரம் பொத்திப்பிடித்து, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று கீழே இருப்பவரிடம் கேளுங்கள். முக்கியமான எல்லாப் புள்ளிகளுக்கும் இப்படி. அலுப்பான வேலைதான்.

ஏர்கானுக்குக் குளிர்நீர் தரும் சில்லர் இயந்திரத்தைப் பொறுத்தவரை இங்கே ஒரு சிக்கல். நம் ஊரில் கோடை, குளிர் என்று கிடையாது. சில்லரின் லோடு, அதாவது வேலைப்பளு, உள்ளே எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலிக் கட்டடத்தில் சில்லர் கால்வாசி லோடில்தான் ஓடும், ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்று அப்போது எடுக்கும் கணக்கை வைத்துச் சபாஷ் போடவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. வாடகைதாரர்கள் நிரம்பிய பிறகு கான்ட்ராக்டர் திரும்பி வந்து இன்னொரு முறை சரிபார்க்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். மீட்டிங் ரூமில் விற்பனையாளர் ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டுவார். மேனேஜரும் எக்சிக்யூட்டிவும் உட்கார்ந்திருப்பார்கள். வருகைத்தாளில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்ததும் பயிற்சி முடிந்தது. இரவு ஷிப்டில் தனியாக இருக்கப்போகும் தமிழ்த் தம்பி அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். என் வழக்கம் வேறு. பயிற்சி பம்ப் ரூமிலேயே நடக்கட்டும். பிரேக்கரைப் போட்டு எடுப்பதை டெக்னீஷியன் கையாலேயே செய்யட்டும். செய்துகொண்டே தமிழில் சொல்லச் சொல்லி வீடியோ எடுங்கள், அதற்கான க்யூஆர் ஒட்டியைப் பேனல் கதவில் ஒட்டுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் நம் பையன்கள் “ஓகே அண்ணே” என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் தெரியும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். ஆஸ்-பில்ட் வரைபடம் (கட்டி முடித்தபடியே வரைந்தது), ஓ அண்ட் எம் மேனுவல் (இயக்க, பராமரிப்புக் கையேடு), வாரண்டிக் கடிதங்கள், லிஃப்ட் இயக்க அனுமதி, இவையெல்லாம் எப்படியும் பட்டியலில் இருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாடியையாவது நடந்து, வால்வில் தொங்கும் டேக் எண்ணும் தாளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பத்தில் மூன்று ஒத்துவராவிட்டால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். கொண்டோ என்றால், முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மேம்பாட்டாளர் இந்த ஆவணங்களை எம்சிஎஸ்டியிடம், அதாவது வீட்டு உரிமையாளர்களின் நிர்வாகக் கழகத்திடம், ஒப்படைப்பது சட்டப்படியான கடமை. அதைக் கேட்பது உபகாரம் கேட்பது ஆகாது.

வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள். டிஓபிக்குப் பின் நான்கு மாதம் கழித்துத்தான் கடை திறக்கிறது என்றால், ஓடாத இயந்திரத்துக்கு நான்கு மாத வாரண்டி போயே போய்விட்டது.

குறைகளைத் திருத்தும் காலம் பெரும்பாலும் 12 மாதம். அதற்குள் ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழைதான் வரும். முகப்புக் கண்ணாடி இணைப்பிலும் மொட்டைமாடி வடிகால் ஓரத்திலும் வரும் கசிவு, டிசம்பர், ஜனவரியில் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில்தான் தெரியும். குழாய்த் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையில் சில தப்பிவிடும். அந்த மாதங்களில் மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் மேல்மாடிகளைச் சுற்றிவந்து, தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதாது, மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்தாவது மாதம் கான்ட்ராக்டரையும் அழைத்துக்கொண்டு முழுக் கட்டடத்தையும் இன்னொரு முறை நடங்கள். அவருக்குத் தரவேண்டிய பிடித்தத் தொகையில் ஒரு பகுதி பொதுவாக அதுவரை முதலாளி கையில்தான் இருக்கும், போன் போட்டால் எடுப்பார்.