கிணற்றுத் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றமா? முதலில் ஒரு டம்ளர் எடுங்கள்

"தண்ணி நாறுது, வந்து பாருங்க" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒரு சுத்தமான டம்ளரில் பாதி தண்ணீர் பிடியுங்கள். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், திறந்த வெளியில் நின்று முகர்ந்து பாருங்கள். சிலருக்குக் கோபம் வரும். "நாறுதுன்னுதானே கூப்பிட்டேன், மறுபடியும் மோந்து பாக்கச் சொல்றீங்களே?" என்பார்கள்.

ஆனால் வாசலில் நின்று முகர்ந்தவர்களில் கணிசமான பேர், "இப்ப ஒண்ணும் தெரியலையே" என்று இழுப்பார்கள். நாற்றம் இருந்தது சிங்க்கின் கழிவுக்குழாயில். குழாயைத் திறந்ததும் தண்ணீர் அந்த ஓட்டைக்குள் விழுந்து, உள்ளே தேங்கியிருந்த கெட்ட காற்றை மேலே தள்ளுகிறது. தண்ணீர் விழும் நேரத்தில்தான் நாற்றமும் வருவதால் பழி தண்ணீர்மேல் விழுகிறது. அந்தக் குழாயைக் கழுவி, அடியில் இருக்கும் வளைவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. நானும் போக வேண்டியதில்லை.

நான் கிணற்று நீர், போர் நீர் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன். இந்த நாற்றத்துக்காக மக்கள் வாங்கிவைத்த கருவிகளைப் பார்த்தால் எனக்கே வருத்தமாக இருக்கும். ஒரு வீட்டில் உப்பு நீரை மென்மையாக்கும் கருவி, கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ. மூன்றும் வரிசையாக நின்றன. நாற்றமும் போகாமல் நின்றது. குளியலறைக்குப் போய்க் குளிர்ந்த குழாயைத் திறந்தேன், ஒன்றுமில்லை. கீசர் குழாயைத் திறந்தேன், முகத்தில் அறைந்தது. அங்கே கோளாறு கீசருக்குள். மூன்று கருவியும் அதுவரை நல்லாயிருந்த தண்ணீரைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தன.

நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. நிலத்தடியில் கந்தகத் தாதுக்கள் உள்ள பாறை வழியாகவோ, மக்கிய இலைதழை புதைந்த மண் வழியாகவோ வரும் நீரில் அது இயல்பாகவே கரைந்திருக்கலாம். இல்லாவிட்டால் பாக்டீரியா அதை உண்டாக்கும். காற்று இல்லாத இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொண்டு, மிச்சமாக இந்த வாயுவை விடுகிறது. கிணற்றின் அடிச்சேறு, ஓடாமல் கிடக்கும் பைப், வருடக்கணக்கில் கழுவாத மேல்தொட்டி எல்லாம் அதற்குச் சொந்த வீடு மாதிரி.

நம் மூக்கு இந்த வாயு விஷயத்தில் ரொம்பக் கூர்மை. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.05 முதல் 0.1 மில்லிகிராம் இருந்தாலே தெரிந்துவிடும். குடிநீரில் இதற்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் வைக்கவில்லை. தீங்கு செய்யும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே யாரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஆகவே நாற்றம் அடித்த உடனே பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். கழிவுநீர் கிணற்றுக்குள் கசிந்தாலும் இதே நாற்றம் வரலாம். மழைக்குப் பிறகு திடீரென்று நாற்றம் தொடங்கினாலோ, கூடவே தண்ணீர் கலங்கினாலோ, கிணற்றுக்கு அருகில் செப்டிக் டேங்க் இருந்தாலோ, முதல் வேலை ஈ.கோலை பாக்டீரியா பரிசோதனை. முடிவு வரும்வரை வேறு தண்ணீரைக் குடியுங்கள்.

சரி, டம்ளரிலும் நாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மூன்று கேள்வி. சுடுநீரில் மட்டுமா, குளிர்ந்த நீரிலும் உண்டா? காலையில் திறந்ததும் அடித்துவிட்டு ஓரிரு நிமிடத்தில் குறைகிறதா, கடைசிவரை அப்படியே இருக்கிறதா? எல்லாக் குழாயிலுமா, ஒன்றில் மட்டுமா? மோட்டார் ஓடும்போது கிணற்றிலிருந்து வரும் பைப்பிலேயே நேராக ஒரு டம்ளர் பிடித்து முகர முடிந்தால் இன்னும் நல்லது. காலையில் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வெளியே இருந்துவிட்டு வந்து இதைச் செய்யுங்கள். அந்த வீட்டுக் காற்றிலேயே இருப்பவர் மூக்கு பழகிப்போயிருக்கும்; விருந்தாளி சொல்லித்தான் பலருக்குத் தெரியவருகிறது.

சுடுநீரில் மட்டும் என்றால், சேமிப்புத் தொட்டி உள்ள கீசரைப் பாருங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு உலோகக் கம்பி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் மெக்னீசியம். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். அப்படிக் கரையும்போது நடக்கும் வேதிவினை, நான் மேலே சொன்ன பாக்டீரியாவுக்குத் தோதாக அமைந்துவிடுகிறது. நீர் வெதுவெதுப்பாகவே நின்றால் கேட்கவே வேண்டாம். கீசரை 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து, பிறகு முழுதாக வடித்துவிட்டால் பாக்டீரியா சாகும். அதற்கு முன் அழுத்த வால்வு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள், குழந்தை கையை நீட்டிவிடக் கூடாது. திரும்ப வந்தால் மெக்னீசியக் கம்பிக்குப் பதிலாக அலுமினியம்-துத்தநாகக் கலவைக் கம்பி போடச் சொல்லுங்கள். சிலர் கம்பியையே கழற்றிவிடுவார்கள். நாற்றம் போகும், அப்புறம் தொட்டியும் போகும்.

முதலில் அடித்துவிட்டுக் குறைகிறது என்றால் பாக்டீரியா பெரும்பாலும் பைப்பிலோ தொட்டியிலோ கிணற்றின் சுவரிலோ இருக்கிறது. டாய்லெட் ஃப்ளஷ் டாங்க்கின் மூடியைத் திறந்து உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று ஒட்டினால் அதுதான். செம்மண் நிறத்தில் கொழகொழவென்று வந்தால் கூடவே இரும்பு பாக்டீரியாவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே குடியிருக்கும்.

இதற்கு மருந்து குளோரின்தான். ஆனால் "பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்களிடம் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், கையைக் குவித்துக் காட்டுவார்கள். கணக்கு போடாமல் இதைச் செய்யக் கூடாது. ஆறு அங்குல போரில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 50 மீட்டர் நீர் இருந்தால் 900 லிட்டர். அதை லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் அளவுக்குக் கொண்டுவர 90 கிராம் குளோரின் தேவை. 5 சதவீத குளோரின் திரவம் என்றால் 1.8 லிட்டர். திறந்த கிணறு வேறு கதை. 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றே வைத்தாலும், 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் நாலே முக்கால் கிலோ அளவுக்குப் போக வேண்டும். கைப்பிடி எங்கே, நாலே முக்கால் கிலோ எங்கே! மூட்டை பிரித்துப் பல மாதம் ஆன பவுடரில் வீரியமே இருக்காது, அதையும் கவனியுங்கள்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அதற்கு முன் மோட்டாரை நன்றாக ஓட்டிப் பழைய தண்ணீரை வெளியேற்றுவது நல்லது. நீரில் உள்ள சல்ஃபைடே போடுகிற குளோரினைத் தின்றுவிடும். ஊற்றிய பிறகு, வெளிக்குழாயில் ஹோஸ் மாட்டி அந்தத் தண்ணீரைக் கிணற்றுச் சுவர் நனைகிற மாதிரி திரும்ப உள்ளேயே விடுங்கள். ஹோஸில் குளோரின் வாடை வந்ததும் வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கும் வாடை வரும்வரை விட்டு மூடுங்கள். கீசரை மறந்துவிடாதீர்கள். ஆர்.ஓ., கார்பன் ஃபில்டர் இரண்டுக்கும் போகும் வால்வை மட்டும் முதலிலேயே மூடிவிட வேண்டும், ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரித்துவிடும். 12 முதல் 24 மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்துவிட்டு, பிறகு வெளிக்குழாய் வழியாக வாடை போகும்வரை ஓட்டிவிடுங்கள். செப்டிக் டேங்கிலோ செடியிலோ மீன் இருக்கும் குளத்திலோ அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

குளோரினோடு ஆசிட் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். கிணற்றுக்குத் தனியாக ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். நீர் அமிலமாக ஆக ஆக, கரைந்திருக்கும் சல்ஃபைடு வாயுவாக மாறும். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7 இருக்கும்போது சல்ஃபைடில் ஏறக்குறைய பாதி வாயுவாக இருக்கும். அதற்குக் கீழே போனால் வாயுவின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

இத்தனையும் செய்து சில வாரத்தில் நாற்றம் திரும்பினால், மாதாமாதம் குளோரின் கொட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாயு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இனிதான் கருவி பற்றிப் பேச வேண்டும், அதற்கும் முன் அளவு தெரிய வேண்டும். இங்கே ஒரு சிக்கல். பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குப் போவதற்குள் வாயு பாதி பறந்துவிடும். அறிக்கையில் "இல்லை" என்று வரும், வீட்டில் நாறிக்கொண்டிருக்கும். தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே துத்தநாக அசிடேட் சேர்த்து வாயுவைக் கட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே சோதனை செய்ய வேண்டும். ஆய்வகத்தில் பாட்டில் வாங்கும்போதே "சல்ஃபைடுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள்.

ஹெச்.டூ.எஸ். பாட்டில் என்று ஒன்று உண்டு. ஹெச்.டூ.எஸ். என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடின் சுருக்கப் பெயர். தண்ணீர் ஊற்றி வைத்தால் கறுப்பாக மாறும். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை அது. பெயரைப் பார்த்து நாற்றத்தை அளக்கும் பாட்டில் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டுவதற்கானது. சல்ஃபைடு ஏற்கனவே உள்ள தண்ணீரை ஊற்றினால் உடனடியாகக் கறுத்து, வீட்டையே கலங்கடித்துவிடும். நம் பிரச்சினைக்கு அந்தப் பாட்டில் ஏற்றதல்ல, வழக்கமான ஈ.கோலை சோதனையே செய்யுங்கள்.

அளவு தெரிந்துவிட்டால் தேர்வு சுலபம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள் என்றால் கார்பன் ஃபில்டர் போதும். 2 வரை என்றால் தண்ணீரைக் காற்றோடு கலக்க வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஷவர் மாதிரி தொட்டிக்குள் தூவ விட்டால் வாயு தானாகப் பிரிந்து போகும், ரசாயனம் எதுவும் வேண்டாம். 6 வரை மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய மணல் ஃபில்டர் தாங்கும், இரும்பையும் சேர்த்து எடுக்கும். அதற்கு மேலே குளோரினோ ஹைட்ரஜன் பெராக்சைடோ சொட்டுச் சொட்டாகச் செலுத்தி, பிறகு வடிகட்ட வேண்டும். சல்ஃபைடு கந்தகமாக மாறிப் பால் போல வெண்மையாகத் தெரியும், அதைப் பிடிக்கத்தான் அந்த வடிகட்டி. ஆர்.ஓ. இந்த வேலைக்கு ஆகாது. கரைந்த வாயு சவ்வைத் தாண்டிப் போய்விடும், கந்தகம் சவ்வை அடைத்தும் விடும்.

காற்றோட்டத் தொட்டி விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் மூடிய அறைக்குள் அதைப் பொருத்திவிட்டு, வாயு வெளியேறும் குழாயை வெளியே எடுத்துவிட மறந்துவிட்டேன். தண்ணீர் அருமையாக வந்தது. ஒரு வாரத்தில் அந்த அறை ஸ்விட்ச் போர்டின் செம்புக் கம்பியெல்லாம் கறுத்துப்போய்விட்டது. தண்ணீரிலிருந்து எடுத்ததை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்கார அம்மா ஒன்றும் திட்டவில்லை, "தம்பி, நாத்தம் இடம் மாறியிருக்கு, அவ்ளோதான்" என்றார்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். குறைந்த அளவில் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். அதற்கும் மேலே சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே நாறும் கிணற்றிலோ மூடிய தொட்டியிலோ கழுவ, தூர்வார என்று யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றக் குதிப்பவரும் அங்கேயே விழுவார். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கிணறு சுத்தம் செய்ய வேண்டுமென்றால் வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் பிளோயர், மேலிருந்து இழுக்கும் கயிறு மூன்றும் உள்ள ஆட்களிடம் மட்டும் கொடுங்கள்.

மற்றபடி கருவி போட்டபின் பராமரிப்புதான் மிச்சம். காலாவதியான கார்பன் ஃபில்டருக்குள்ளேயே அந்தப் பாக்டீரியா குடியேறி, ஃபில்டரே நாற்றத்தை உண்டாக்குவதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். கார்பன் மாற்றிய தேதியை ஃபில்டர் உடம்பிலேயே மார்க்கரால் பெரிதாக எழுதிவையுங்கள். நாற்றம் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டால், டம்ளருக்கு அடுத்து நான் தேடுவது அந்தத் தேதியைத்தான்.