கண்ணை மூடச் சொல்லாமல் ஒரு தேத்தண்ணி

திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை தொடங்கிய புதிதில், பயிற்சியில் படித்ததையே நானும் வருகிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்: கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள். ஒருநாள் ஓர் அக்கா வந்திருந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். கண்ணை மூடி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, உடம்பு நடுங்க எழும்பிவிட்டார். "கண்ணை மூடினா கடல் வருது பிள்ளை" என்றார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் அவருடைய வீடு கரையோரத்தில் இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசினிக்குப் போய் இஞ்சி தட்டிப்போட்டு இரண்டு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார், ஊதினார், ஒரு வாய் குடித்தார், "இஞ்சி கூடிப்போச்சு" என்றார். அதைச் சொன்னபோது ஆள் கடலை விட்டுத் திரும்பி இந்த அறைக்குள் வந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

போரையும் கடலையும் பார்த்த ஊர் இது. பெரிய அதிர்ச்சிக்குள்ளால் வந்தவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே பார் என்றால், உள்ளே இருப்பது அந்த நாள்தான். அவர்களுக்குக் கவனத்தை வைக்க வெளியே ஒரு பொருள் வேண்டும். சூடும் மணமும் பாரமும் உள்ள ஒரு பொருள். தேத்தண்ணிக் கோப்பையில் அது எல்லாமே இருக்கிறது, கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். அப்புறம், ஊதிக் குடிக்கிறோமே, அந்த ஊதல் நீளமான ஒரு வெளிமூச்சு. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. நம் அம்மம்மாமார் மூக்குப்பேணியை வைத்துக்கொண்டு திண்ணையில் அரை மணித்தியாலம் இருந்ததை நாங்கள் சோம்பல் என்று நினைத்திருந்தோம்.

அதனால் இப்போதெல்லாம் பெண்கள் என்னிடம் வந்தால் முதல் நாளிலேயே ஒன்று கேட்பேன்: பின்னேரத் தேத்தண்ணியை எங்கே இருந்து குடிக்கிறீர்கள்? பலருக்கு இந்தக் கேள்வியே விளங்குவதில்லை. இருந்து குடிப்பதா? வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்து, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பி, மிச்சத்தை அடுப்படியில் நின்றபடி ஆறிப்போன பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள். ஆண்கள் கடையில் குடிக்கிறார்கள், ஆனால் கண் போனில். நாளுக்கு மூன்று தரம், நான்கு தரம் குடிக்கிற ஊரில் ஒருவருக்கும் குடித்த ஞாபகம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஓய்வுக்கென்று புதிதாக நேரம் தேடவே தேவையில்லை, நாலு மணித் தேத்தண்ணி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஊற்றுகிறவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

சரி, எப்படிக் குடிப்பது? எல்லாருக்கும் ஊற்றும்போது உங்களுடையதையும் சூடாகவே எடுத்துக்கொண்டு போய் இருங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். குடிக்க முன் மணத்தை ஒருமுறை இழுங்கள். ஊதுங்கள், அவசரப்படாமல். முதல் வாயைக் கொஞ்சம் நாக்கில் வைத்திருந்தால் துவர்ப்பு பின்னுக்கு வரும், அதைத் தேடிப் பாருங்கள். மனம் நாளைய சமையலுக்குப் போகும், போகட்டும், கோப்பையின் சூட்டுக்குத் திரும்பி வந்தால் போதும். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் குடிக்கும் பழைய பழக்கம் இதற்கு நன்றாகவே உதவும், ஏனென்றால் அப்படி வேகமாகக் குடிக்க முடியாது, சீனியும் குறையும். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தேயிலைத் தோட்டம் போட்ட காலத்திலிருந்து இந்த இலையை எங்களுக்காகக் கிள்ளிக்கொண்டிருப்பவை மலையகத்துக் கைகள். ஒரு வாய்க்காவது அவர்களை நினைக்கலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லத்தான் வேண்டும். தேயிலையில் கஃபீன் இருக்கிறது. நெஞ்சு படபடப்பென்று வருகிறவர்களிடம் சாயத்தைக் குறைக்கச் சொல்வேன். நித்திரை வராதவர்கள் பின்னேரத்தில் தேயிலையை விட்டுவிட்டுக் கொத்தமல்லித் தண்ணியை இதே மாதிரிக் குடிக்கலாம், பலன் இலையில் மட்டும் இல்லை. இரத்தச்சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேத்தண்ணி தடுக்கும். ஒரு மணித்தியாலம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம். 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவையாக இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் சொன்னது. ஊதி ஆற்றுவதற்கு இது இன்னொரு காரணம்.

இதை நான் வைத்தியம் என்று சொல்லவில்லை. வாரக்கணக்காக நித்திரை இல்லை, ஒன்றிலும் விருப்பம் இல்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் கோப்பையோடு தனியே இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், எந்த நேரமும் கதைக்கலாம்.

அந்த அக்கா பிறகு பல மாதம் வந்தார். கண்ணை மூடச் சொல்லி நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது பின்னேரங்களில் கிணற்றடிப் படியில் இருந்து குடிக்கிறாராம், மான் இரண்டு வேலிப்பக்கம் வந்து நிற்குமாம். சில நாளில் பாதியிலேயே எழும்பிப் போய்விடுகிறேன் என்று கொஞ்சம் தயங்கிச் சொன்னார். மிச்சப் பாதியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "திரும்பி வந்து குடிப்பன், ஆறித்தான் இருக்கும்" என்றார்.