"மருந்து எனக்குப் பழகிவிட்டது"

மனைவி வற்புறுத்தியதால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டையில் (வயல்வெளியில்) மூன்று நாட்களாக விடாமல் பூச்சிமருந்து அடித்திருக்கிறார். முதுகில் சுமந்த தாங்கி கசிந்து, சட்டையும் சாரமும் ஊறியிருந்தன. எச்சில் வழிந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது. "ஒன்றுமில்லை டொக்டர், மருந்து எனக்குப் பழகிவிட்டது" என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பயம்.

நரம்பு முனைகள் அசற்றைல்கோலினைச் சுரந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் கட்டளை அனுப்புகின்றன. வேலை முடிந்ததும் அதை உடைத்து அகற்றுவது அசற்றைல்கோலினெஸ்தரேசு என்ற நொதியம். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினி இந்த நொதியத்தைப் பூட்டிவிடுகிறது. கட்டளை ஓயாது. எச்சில், வியர்வை, தசைத்துடிப்பு, முற்றினால் மூச்சுத்திணறல்.

ஆய்வுகூட எலிகளுக்கு இந்த நஞ்சைச் சிறிது சிறிதாக நாள்தோறும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் நடுங்கும் எலி, சில நாட்களில் வழமைபோலத் தின்னும், ஓடும். தேறிவிட்டது என்றே நினைப்போம். ஆனால் அதன் மூளையை அரைத்து, 1961 இல் எல்மன் என்ற விஞ்ஞானி வகுத்த முறைப்படி சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். நொதியம் வேலை செய்தால் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். அந்த எலியின் குழாயோ வெளிறிக் கிடக்கும். நொதியம் மீளவில்லை. மூளை, அந்தக் கட்டளையை வாங்கும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் நஞ்சு ஏறினாலும் தாங்குவதற்குக் கையிருப்பு இல்லை.

எலியின் இரத்தத்தில் இந்த நஞ்சைத் தடுத்துப் பிடிக்கும் இன்னொரு நொதியம் தாராளமாக உண்டு. நமக்கு அந்தக் காவலும் குறைவு. மனிதரின் செங்குருதிக் கலங்களில் நிரந்தரமாகப் பூட்டுண்ட நொதியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதமே ஈடாகிறது. மறுநாளே அடுத்த வயலுக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் ஏது?

குட்டி எலிகள் வளர்ந்தவற்றைவிட எளிதில் பாதிக்கப்படுவதையும் கண்டிருக்கிறார்கள். தயவுசெய்து மருந்து பட்ட சாரத்தைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். வயலிலிருந்து வந்ததும் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

அன்று அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, நஞ்சின் விளைவை அடக்கும் அட்ரோபின் ஏற்றினோம். அவருடைய மனைவி மருந்துப் போத்தலை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், அது பேருதவி. பூச்சிநாசினி காபமேற்று என்ற இன்னொரு வகையானால் நொதியம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக விடுபடும். ஓகனோபொஸ்பேற்று அப்படி இலகுவில் விடாது, மருத்துவமும் வேறுபடும். லேபல் கிழிந்திருந்தாலும் போத்தலை எடுத்துவாருங்கள்.