பேக்ஸ்ட்ரோக் தொடக்கத்தில் கால் ஏன் சறுக்குகிறது?

மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் பழகும் மகளைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பேக்ஸ்ட்ரோக்கில் சிக்னல் வந்ததும் சுவரை உதைக்கிறாள். கால் சறுக்கி இடுப்பு தொப்பென்று விழுகிறது. பலம் போதவில்லையா?" பெரும்பாலும் பலம் காரணமல்ல, உதைக்கும் கோணம்தான்.

மற்ற நீச்சல்களில் மேடையிலிருந்து பாய்கிறோம். இதில் தண்ணீரில் இருந்தபடியே கைப்பிடியைப் பற்றி, பாதங்களைச் சுவரில் ஊன்றி, பின்னோக்கிப் பாய வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் உடல் நீரைத் தொடாமல் மேலே வளைந்து போனால்தான் லாபம். மேலே எழ மேல்நோக்கிய விசை வேண்டும். செங்குத்தான சுவரில் பாதத்துக்கு அதைத் தருவது உராய்வு மட்டுமே.

உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு: சுவரை அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்) பெருக்கினால் வரும் அளவு. குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். 800 நியூட்டன் விசையோடு சுவரை உதைத்தால், அதிகபட்சம் 400 நியூட்டன் மேல்நோக்கிக் கிடைக்கும். உதையின் திசை கிடைமட்டத்திலிருந்து 27 டிகிரியைத் தாண்டினால் கால் சறுக்கும்.

ஒலிம்பிக்கில் 2016 ரியோவில் முதன்முதலாக வந்த லெட்ஜ் இங்கேதான் அழகு காட்டுகிறது. சுவரில் தொங்கவிடும் இந்தப் பலகையின் முகம் 10 டிகிரி சாய்ந்திருக்கும். நீர்மட்டத்துக்கு மேலோ கீழோ 4 செ.மீ. வரை நகர்த்தலாம். முகம் சாய்ந்ததால் அது தரும் எதிர்விசையும் 10 டிகிரி மேல்நோக்கித் திரும்புகிறது. எல்லை 27-லிருந்து 37 டிகிரி ஆகிறது. அதே 800 நியூட்டன் கிடைமட்ட உதைக்கு இப்போது மேல்நோக்கி 600 நியூட்டன்! 70 கிலோ வீரரின் எடையே 690 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவுதான். வெறும் 10 டிகிரி செய்யும் வேலை இது. பொதுக் குளங்களில் ஒரு லேனுக்காவது லெட்ஜ் வாங்கிக் கொடுப்பது வீண்செலவே அல்ல.

லெட்ஜ் இல்லாதவர்களும் இதே கணக்கை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். தயாராகச் சொல்லும் "டேக் யுவர் மார்க்ஸ்" கேட்டதும் உடலைச் சுவரோடு ஒட்ட இழுப்பதுதான் வழக்கமான பிழை. இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் உதை செங்குத்தாகிறது, சறுக்கல் நிச்சயம். முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்கி, இடுப்பு சுவரிலிருந்து சற்று விலகியிருக்கட்டும். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், ஒன்று கொஞ்சம் உயரமாக இருக்கலாம்.

அடுத்தது கை. கால் முழு விசையை எட்டும் முன்பே கையை விட்டால், எடை முழுவதும் திடீரென உராய்வின் மேல் விழும். கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தி இடுப்பைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கால் உதை ஏறும்போது கையை விட வேண்டும். இடுப்பு முதலில் விரியும், பிறகு முழங்கால், கணுக்கால் கடைசியில்.

எண்ணெய்ப் பசையோ சன்ஸ்கிரீனோ பாதத்தில் இருந்தால் குணகமே குறைந்துவிடும், சோப்பு போட்டுக் கழுவுங்கள். சறுக்கியதைச் சகுனத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

பக்கவாட்டில் நின்று செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். விரல் நுனி நுழைந்த இடத்திலேயே தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் நுழைய வேண்டும். கைக்கு முன் இடுப்பு நீரைத் தொட்டால், கோணத்தையும் கை விடும் நேரத்தையும் முதலில் சரிபாருங்கள்.