படிப்பு முடிஞ்ச அப்புறம் ஒரு வருஷம்: எஜுகேஷன் லோன்ல என்ன நிக்குது, என்ன ஓடுது

கடைசி செமஸ்டர் முடிஞ்சு முதல் சம்பளம் அக்கவுண்ட்ல விழுற வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளியில, எஜுகேஷன் லோன் வாங்கின பசங்க கிட்ட கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க, "லோனுக்கு இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்கு". டைம் இருக்கு, உண்மைதான். ஆனா அந்த டைம் தவணை கட்டுறதுக்கு மட்டும்தான், வட்டி ஒரு நாள் கூட நிக்காது. இதை லோன் கொடுக்கும்போது யாராவது நிதானமா உக்கார வெச்சு சொல்லியிருந்தா எத்தனையோ வீட்ல பின்னாடி வர்ற அதிர்ச்சி வந்திருக்காது.

நம்ம நாட்டுல பேங்க்குங்க பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரி திட்டத்தை வெச்சுதான் எஜுகேஷன் லோன் கொடுக்குறாங்க. அதுப்படி படிப்புக் காலம், அதுக்கு மேல ஒரு வருஷம், இவ்வளவு நாளும் தவணை கட்ட வேண்டாம், இதைத்தான் மாரட்டோரியம்னு சொல்றாங்க. முன்னாடி வேலை கிடைச்சு ஆறு மாசம்னு ஒரு கணக்கும் இருந்துச்சு, எது முன்னாடி வருதோ அதுன்னு, 2015க்கு அப்புறம் அது போயிடுச்சு, இப்போ வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் ஒரு வருஷம். ஆனா உங்க பேங்க் லோன் ஒப்புதல் ஆனப்போ உங்களுக்குக் கொடுத்த சாங்ஷன் லெட்டர்ல என்ன இருக்கோ அதுதான் உங்களுக்குச் சட்டம், அதனால இதைப் படிச்சதும் முதல் வேலையா பீரோவுல இருக்கிற அந்த லெட்டரை எடுத்துப் பாருங்க.

இன்னொன்னு, அந்த ஒரு வருஷம் கான்வகேஷன் நாள்ல இருந்து தொடங்காது. படிப்பு முடியணும்னு லெட்டர்ல போட்டிருக்கிற தேதியில இருந்துதான் எண்ணுவாங்க. அரியர் இருக்கு, டிகிரி இன்னும் கைக்கு வரலன்னா அது தானா தள்ளிப்போகாது, நீங்க பிராஞ்ச்ல எழுதிக் கொடுத்து எக்ஸ்டென்ஷன் கேக்கணும். திட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, ஆனா வாயைத் திறந்து கேட்டாதான்.

இப்போ வட்டிக்கு வருவோம், இதுதான் முக்கியம். மாரட்டோரியம் காலத்துல தனி வட்டிதான் போடுவாங்க, வட்டிக்கு வட்டி கிடையாது. ஆனா அந்தக் காலம் முடியுற அன்னைக்கு சேர்ந்த வட்டி முழுசும் அசலோட சேர்ந்துடும், அதுக்கு அப்புறம் அந்த மொத்தத்துக்கும் வட்டி. ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். நாலு வருஷப் படிப்பு, வருஷ ஆரம்பத்துல 1 லட்சம்னு மொத்தம் 4 லட்சம், வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்குவோம். முதல் 1 லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, கடைசிக்கு 20,000. ஆக 1,40,000. நீங்க 4 லட்சம்னு நினைச்சுட்டு இருக்கிற கடன் தவணை ஆரம்பிக்கிற அன்னைக்கு 5,40,000. பத்து வருஷத்துக்கு இஎம்ஐ போட்டா 4 லட்சத்துக்கு சுமார் 5,286 வரும், 5,40,000க்கு சுமார் 7,136. மாசம் 1,850 ரூபா அதிகம், பத்து வருஷமும்.

அதுக்காகக் கைல காசு இல்லாம வட்டி கட்ட ஓடணும்னு சொல்ல வரல. வேலைக்குச் சேர்ற ஊர்ல ரூம் அட்வான்ஸ், முதல் மாசச் சாப்பாடு, பஸ் காசு, இதுக்கே வழியில்லாதப்போ அந்தப் பணத்தை எடுத்து பேங்க்ல கட்டாதீங்க. மாரட்டோரியம் இருக்கிறதே அதுக்காகத்தான், அது உங்க உரிமை. அதை விட்டுட்டு உடனடிக் கடன் ஆப்ல வாங்கி இந்த வட்டியைக் கட்டுறது ரொம்பத் தப்பான கணக்கு, அங்க வட்டியும் கட்டணமும் இதைவிட எத்தனையோ மடங்கு. ஆனா ட்யூஷன் எடுத்தோ பார்ட் டைம்லயோ கொஞ்சம் வருதுன்னா மாசம் 1,000 ரூபா கட்டினாக்கூட பிரயோஜனம் இருக்கு. வருஷத்துக்கு 12,000 ஆச்சு, மேல சொன்ன கணக்குப்படி பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 19,000 ரூபா தவணை குறையும். கட்டும்போது லோன் அக்கவுண்ட் நம்பரைச் சரியா போட்டுக் கட்டி ஸ்டேட்மெண்ட்ல ஏறிச்சான்னு பாருங்க. படிக்கிற காலத்துல இருந்தே வட்டியை விடாம கட்டிட்டு வர்றவங்களுக்கு 1 சதவீதம் வட்டி குறைக்கலாம்னு மாதிரித் திட்டத்துலயே இருக்கு, உங்க பேங்க் கொடுக்குதான்னு கேளுங்க.

வட்டியை அரசே கட்டுற திட்டமும் இருக்கு, நிறைய பேருக்கு தங்களுக்குக் கிடைச்சுதா இல்லையான்னே தெரியாது. மத்திய அரசோட வட்டி மானியத் திட்டம், 2009-10ல ஆரம்பிச்சது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, அங்கீகாரம் உள்ள கல்லூரியில தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்பு இந்தியாவுலயே படிச்சிருந்தா, திட்டத்துல சொன்ன கடன் வரம்பு வரைக்கும் மாரட்டோரியம் கால வட்டி முழுசும் அரசு கட்டும். வருமானச் சான்றிதழ் கொடுத்திருக்கணும். ஒரே ஒரு தடவைதான், யூஜிக்கு வாங்கிட்டா பிஜிக்கு கிடையாது. பாதியில படிப்பை விட்டா போயிடும், உடம்பு சரியில்லாம விட்டிருந்தா மட்டும் விதிவிலக்கு. எங்க சொந்தத்துல ஒரு பையனுக்குச் சான்றிதழ் கொடுத்தும் பிராஞ்ச்ல க்ளெய்ம் அனுப்பவே இல்ல, பாஸ்புக்ல மானியம்னு ஒரு வரியும் காணோமேன்னு அவங்க அம்மா கவனிச்சுப் போய்க் கேட்டதாலதான் தெரிஞ்சுது. அதனால ஸ்டேட்மெண்ட் வாங்கி ஒவ்வொரு வருஷமும் மானியம் வரவு ஆகியிருக்கான்னு தேடுங்க. 2024 நவம்பர்ல ஒப்புதல் ஆன பிஎம் வித்யாலட்சுமி வேற திட்டம், அது 8 லட்சம் வருமானம் வரைக்கும், 10 லட்சம் கடன் வரைக்கும் 3 சதவீத வட்டிச் சலுகை, குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

தமிழ்நாட்டுல வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுக்கிற உதவித்தொகை இந்த இடைவெளிக்கு ஆகுமான்னு கேக்குறாங்க. ஆகாது. டிகிரிக்கு மாசம் 600 ரூபா, அதுவும் பதிவு பண்ணி அஞ்சு வருஷம் காத்திருந்தவங்களுக்குத்தான், இன்ஜினியரிங் மாதிரி தொழில்முறைப் பட்டம் படிச்சவங்களுக்குக் கிடையாது. பதிவு பண்ணி வெக்கிறது நல்லது, இந்த வருஷச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஆஃபர் லெட்டர் கைல இருக்கு, ஜாயினிங் தேதி மட்டும் தள்ளிக்கிட்டே போகுது, அதுக்குள்ள அந்த ஒரு வருஷம் முடியப்போகுதுன்னா? இந்த இடத்துலதான் பசங்க பயந்து போன் எடுக்காம இருந்துடுறாங்க. வேலை இல்லாத காலத்துக்கும், குறைஞ்ச சம்பளத்துல இருக்கிற காலத்துக்கும் திரும்ப மாரட்டோரியம் கொடுக்கலாம்னு மாதிரித் திட்டத்துலயே இடம் இருக்கு, கடன் காலத்துல ரெண்டு மூணு தடவை வரைக்கும். கொடுக்கிறது பேங்க் முடிவுதான், ஆனா தவணை தவறுறதுக்கு முன்னாடி கேக்குறதுக்கும் தவறின அப்புறம் கேக்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். 90 நாளுக்கு மேல நிலுவை போனா வாராக்கடன் ஆகிடும், உங்க சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டுற மதிப்பெண், அது மட்டும் இல்ல, கூடக் கையெழுத்து போட்ட அப்பா அம்மா சிபிலும் அடிபடும். வசூலுக்குப் பேசுறவங்க காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, மிரட்டினா ஏத்துக்காதீங்க.

வேலைக்குச் சேர்ந்துட்டா இஎம்ஐ தேதியைப் பாருங்க. மாசக் கடைசியில சேர்றவங்களுக்குப் பல கம்பெனியில முதல் சம்பளம் அடுத்த மாசம்தான் சேர்த்து வரும், அதுக்குள்ள ஆட்டோ டெபிட் வந்து பணம் இல்லாம திரும்பிடுச்சுன்னா அதுக்கு வேற அபராதம். சம்பளம் வர்ற தேதிக்கு நாலஞ்சு நாள் தள்ளி தவணைத் தேதியை வெக்கச் சொல்லி, ஆஃபர் லெட்டர் காப்பியோட ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க, இன்னொரு காப்பியில தேதி போட்டு பிராஞ்ச் சீல் வாங்கிக்கோங்க.